இந்த மாதமும் நாள் தள்ளிப்போகவில்லையா? குழந்தைக்காக முயற்சி செய்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

குழந்தைக்காக முயற்சி செய்ய ஆரம்பித்துச் சில மாதங்கள் போய்விட்டன, ஒவ்வொரு முறையும் பீரியட்ஸ் வந்துவிடுகிறது, வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் இதே பாதையில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். வடபழனி, நுங்கம்பாக்கம், எழும்பூர் என்று காத்திருக்கும் இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காக்களிடமும் தங்கைகளிடமும் பேசித் தெரிந்துகொண்டதும், டாக்டர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதும் இதில் இருக்கிறது. உங்கள் உடம்புக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த அறையில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. ரிசல்ட் சரியில்லாமல் போகிற நாளை எப்படிக் கடப்பது என்று, அந்த நாள் வருவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போதே இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவைக்க வேண்டும்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த மாதம் பீரியட்ஸ் வருவதற்கான வாய்ப்புதான் அதிகம். ஒரு வருடம் தொடர்ந்து முயற்சி செய்தால் 100 ஜோடிகளில் 80 முதல் 85 ஜோடிகளுக்குக் கரு தங்கிவிடுகிறது, அதனால்தான் 12 மாதம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் வந்தால், முன்பு கருக்குழாயில் கரு தங்கி ஆபரேஷன் நடந்திருந்தால், கணவருக்கு விதைப்பையில் ஏதாவது அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், எத்தனை மாதம் ஆச்சு என்ற கணக்கே வேண்டாம், உடனே போய்ப் பார்த்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மைப் பிரச்சினையைச் சந்திக்கிறார். நீங்கள் ஏறும் மின்சார ரயில் பெட்டியிலேயே இன்னும் பல பேர் இருப்பார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கரு தங்கக்கூடிய நாட்கள் முட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் சேர்த்து 6 நாட்கள். முட்டை வெளிவருவது பெரும்பாலும் அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்பு. இதைக் காலண்டரில் வட்டம் போட்டு, இன்றைக்கு உறவு இருந்தே ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் பதற்றத்தோடு படுப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று மாதம் முழுக்க உறவு இருந்தாலே போதும். அப்புறம், ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், முயற்சி ஆரம்பிக்கும்போதே.

டெஸ்ட் இரண்டு பேருக்கும்

மனைவிக்கு ஒரு வருடமாக டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்துவிட்டு, கணவருக்கு ஒரு விந்தணுப் பரிசோதனைகூட எடுக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஏறக்குறைய பாதி ஜோடிகளில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கு வலியும் இல்லை, பெரிய செலவும் இல்லை, 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு சாம்பிள் கொடுத்தால் போதும். கவுண்ட் குறைவாக வந்தால் அன்றே உலகம் முடிந்துவிடவில்லை, விந்தணு உருவாக இரண்டரை மாதம் வரை ஆகிறது, அதனால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். புகை, குடி, ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, இதெல்லாம் கவுண்ட்டைக் குறைக்கும். ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெண்ணுக்குத் தைராய்டு, புரோலாக்டின், ஏஎம்எச் எல்லாம் ரத்தத்தில் பார்ப்பார்கள். முட்டை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களை மட்டும் பீரியட்ஸ் வந்த 2 அல்லது 3-ம் நாள். ஏஎம்எச் குறைவு என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் அழாதீர்கள், அது முட்டைகளின் இருப்பைத்தான் காட்டுகிறது, இயற்கையாகக் கரு தங்குமா தங்காதா என்பதை அது சொல்வதில்லை. கருக்குழாய் அடைப்பு பார்க்கும் டியூப் டெஸ்ட் பீரியட்ஸ் நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்பு எடுப்பார்கள். சிலருக்கு வலிக்கும், முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அன்று தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். ஸ்கேன் படங்கள், சிகிச்சை சுருக்கம், கரு எப்படி வளர்ந்தது என்ற லேப் குறிப்பு, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பிறகு வேறு டாக்டரிடம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

எங்கே போவது

சென்னையில் மெட்ரோ தூணிலிருந்து ஆட்டோ முதுகு வரை குழந்தைப்பேறு மைய விளம்பரம்தான். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கருவாக்கி உள்ளே வைப்பது) செய்யும் இடங்கள் 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழ் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். அதே சட்டப்படி இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணின் வயது 50, ஆணின் வயது 55 வரைதான். இன்னொரு முக்கியமான விஷயம், சிகிச்சையின் வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஆபத்து எல்லாவற்றையும் விளக்கி ஆலோசனை தருவது மையத்தின் சட்டக் கடமை. அதனால் "இங்க கவுன்சிலர் யாரு, நாங்க எப்ப பார்க்கலாம்?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

வெற்றி சதவீதம் சொன்னால், எது வெற்றி என்று திருப்பிக் கேளுங்கள். டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதா, இதயத்துடிப்பு வந்ததா, குழந்தை பிறந்ததா? என் வயதில் உள்ளவர்களுக்கு எவ்வளவு? பேக்கேஜில் மருந்து, ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைப்பது எல்லாம் சேர்த்தியா? பெரும்பாலான காப்பீட்டுப் பாலிசிகள் இதற்குப் பணம் தருவதில்லை, சில ஐடி கம்பெனிகளின் குழுக் காப்பீட்டில் மட்டும் ஓரளவு உண்டு, அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியாரில் செலவு தாங்காது என்றால் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஹார்மோன் ஊசிகளில் பல 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. மே மாத வெயிலில் நுங்கம்பாக்கத்தில் வாங்கி தாம்பரம் வரை பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மெடிக்கலில் ஐஸ் பேக்கோடு தெர்மோகோல் பெட்டியில் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கும் இரண்டு வாரம்

சிகிச்சை முடிந்து டெஸ்ட் எடுக்கும் நாள் வரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழியே இருக்கிறது. அப்படித் தொட்டுப் பார்க்காத பெண்ணை நான் இதுவரை சந்திக்கவில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் வேதனை குறையும். முட்டை வெளிவரப் போடும் ட்ரிகர் ஊசியில் இருப்பது பெரும்பாலும் கர்ப்பத்தில் சுரக்கும் அதே ஹார்மோன்தான், அது ஒன்றரை வாரம் வரைகூட உடம்பில் தங்கும், அந்த நாட்களில் கார்டு டெஸ்ட் பார்த்தால் பொய்யாக இரண்டு கோடு காட்டலாம். மார்பு கனப்பது, வயிறு உப்புவது, குமட்டுவது எல்லாம் புரோஜெஸ்டிரோன் மருந்தாலும் வரும், அதனால் அறிகுறி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

படுத்தே இருக்க வேண்டியதில்லை. கருவை உள்ளே வைத்த பிறகு படுக்கையிலேயே கிடந்தால் கூடுதலாகத் தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாடிப்படி ஏறியதால், ஆட்டோ குலுங்கியதால், தும்மியதால் கரு நழுவிப் போவதில்லை. "டென்ஷன் ஆகாதே, தானா தங்கும்" என்பார்கள் பாருங்கள், அதுவும் அப்படித்தான். ஐவிஎஃப் செய்த பெண்களின் மனக்கவலைக்கும் அந்த முறை கரு தங்குவதற்கும் தொடர்பு உண்டா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2011-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது, அப்படித் தொடர்பு தெரியவில்லை. பயந்ததால்தான் நிற்கவில்லை என்று உங்களையே நீங்கள் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டு வாரத்திலேயே ரிசல்ட் நாளுக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். யார் ஃபோனை எடுப்பது? ஓஎம்ஆர் ரோட்டில் இருக்கும் ஆபீசில் மீட்டிங் நடுவில் லேப்பிலிருந்து அழைப்பு வந்து, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்த பெண்ணை எனக்குத் தெரியும். கணவர் எண்ணைக் கொடுங்கள், அல்லது மாலை ஆறு மணிக்கு மேல் நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் அரை நாளாவது லீவு போட்டுவையுங்கள். அம்மாவுக்கு யார் சொல்வது, மாமியாருக்கு யார் சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது என்று முன்பே பேசிவையுங்கள். "இந்த தடவை நிக்கல அத்தை, டாக்டரை பார்த்துட்டு சொல்றோம், இப்போதைக்கு எதுவும் கேட்காதீங்க" என்று கணவர் சொன்னால் அந்த வீட்டில் பாதிப் பேச்சு அடங்கும். சமையல் வேண்டாம், சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதுவரை முடிவு செய்யுங்கள். அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியம், ரிசல்ட் எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க இப்போதே நேரம் வாங்கிவையுங்கள். மோசமான செய்தி வந்த இரவில், அடுத்து ஒரு தேதி காலண்டரில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய பிடிப்பு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குழந்தை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது, நம்பிக்கையை அந்த அளவுக்குச் சின்னதாக்கிப் பிடித்துக்கொண்டால்தான் இதைத் தாண்ட முடிகிறது.

நடுவில் லேசாக ரத்தம் பட்டாலும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள்.

நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு

அன்று அழுங்கள். மறுநாளே அடுத்த சுற்றுச் சிகிச்சைக்கு ஓடுவதோ, ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனில் தேடித் தேடிப் படிப்பதோ வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்த முறையில் என்ன தெரிந்தது? அடுத்த முறை எதை மாற்றப்போகிறோம்? இதையே இன்னும் எத்தனை முறை செய்து பார்ப்போம்? ஐயூஐ மூன்று நான்கு முறை ஆகியும் நிற்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்ற பேச்சு வந்தாக வேண்டும், வராவிட்டால் நீங்களே எடுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் ஃபைலோடு இன்னொரு டாக்டரைப் பாருங்கள், அதில் துரோகம் எதுவும் இல்லை.

பாசிட்டிவ் வந்து பிறகு கலைவது வேறு மாதிரி வலி. தெரிந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைகின்றன, ஆரம்ப வாரங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்கு அந்தக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பப்பாளி சாப்பிட்டாய், துணி துவைத்தாய், வண்டியில் போனாய் என்று யார் பட்டியல் போட்டாலும் காதில் வாங்காதீர்கள். ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை என்று சொன்னால், மாத்திரையா, கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-யா, தானாக வெளிவரக் காத்திருப்பதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மறக்காமல் கேளுங்கள். இரண்டு முறை கலைந்துவிட்டால் காரணம் தேடும் பரிசோதனைகளைப் பற்றிப் பேசுங்கள், மூன்றாவதுவரை காத்திருக்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே, கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருக்கிறது. டாக்டர் சான்றிதழ் வேண்டும். மூன்று நாள் சிக் லீவில் அடக்கிக்கொண்டு திரும்பி ஓடாதீர்கள், எச்ஆரிடம் கேளுங்கள்.

சில நேரம் காத்திருக்கவே கூடாது. டெஸ்ட் பாசிட்டிவ் ஆன பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால் கருக்குழாயில் கரு இருக்கலாம். ஐவிஎஃப் ஊசிகளுக்குப் பிறகு வயிறு வேகமாக உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அதுவும் அவசரம். 108-ஐ கூப்பிடுங்கள், நடு ராத்திரி ஆனாலும்.

கேட்கிறவர்கள்

"விசேஷம் ஏதும் உண்டா?" கல்யாண மண்டபத்தில், மாம்பலம் கடைத்தெருவில், லிஃப்டில், எங்கேயும் வரும். எல்லோருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. "இருந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன் பெரியம்மா, சாப்டீங்களா?" என்று பேச்சை மாற்றினால் போதும். நெருங்கியவர் ஒருவரையோ இருவரையோ மட்டும் தேர்ந்தெடுத்து முழுதாகச் சொல்லுங்கள். அவரவர் வீட்டுக்கு அவரவர் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டால், மருமகள் மேல் எல்லாம் வந்து விழாது.

வளைகாப்பு அழைப்பு வரும். குழந்தைக்காகக் காத்திருப்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு, சிலருக்கு அது ஆசீர்வாதம், சிலருக்கு அத்தனை பேர் பார்வைக்கு நடுவில் உட்காருவதே நரகம். எது உங்களுக்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும். போக முடியவில்லை என்றால், "வளையலை எடுத்து வை தங்கச்சி, அப்புறமா வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத நாளில் போய்வாருங்கள். மாங்காடோ, பெசன்ட் நகர் வேளாங்கண்ணியோ, தர்காவோ, திருக்கருகாவூர் வரை போய் நெய் வாங்கி வருவதோ, உங்கள் மனதுக்கு ஆறுதல் தந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் ஹார்மோன் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு பேருக்குள்

கணவர் அழாமல் இருந்தால் அவருக்குக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். பல பேர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வாரத்தில் ஒரு மாலை இதைப் பற்றிப் பேசுவது, மற்ற நாட்களில் பேசாமல் இருப்பது என்று வைத்துப் பாருங்கள். அந்த மாலையில் பணத்தையும் பேசுங்கள். நகையை வைத்து, கடன் வாங்கி, எதுவரை போகலாம் என்ற எல்லையைச் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே எழுதிவையுங்கள், தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவில் எல்லை தெரியாது.

இடைவெளி எடுப்பதும் ஒரு முடிவுதான், எவ்வளவு இடைவெளி எடுக்கலாம் என்பதை மட்டும் உங்கள் வயதையும் ரிப்போர்ட்டையும் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். தத்தெடுப்பு மனதில் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும், காத்திருப்பு வருடக்கணக்கில் ஆகிறது, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக்கூடாது.

தூக்கம் போய், சாப்பாடு போய், காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நிறையப் பேர் கூப்பிடாமல் விடுகிறார்கள். "குழந்தைக்காக ட்ரீட்மென்ட்ல இருக்கேன், இந்த தடவையும் நிக்கல, தூங்க முடியல" என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். கணவரும் கூப்பிடலாம்.